வீட்டில் ஓயாத பேச்சு, பள்ளியில் மௌனம்: வாசகர் கேள்விகளுக்கு உளவியலாளர் பதில்

குழந்தைகளின் பதற்றக் கோளாறுகள் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. வீட்டில் தடையின்றிப் பேசும் பிள்ளை, பள்ளியிலோ உறவினர் முன்னிலையிலோ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்பதே அக்கவலை. ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலையையும், அதற்கு அளிக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் குறித்த ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். வீட்டில் காலை முதல் இரவு வரை பேசுகிறாள், பாடுகிறாள், தம்பியை அதட்டுகிறாள். பள்ளியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியும் ஆசிரியையிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பிடிவாதம் என்கிறார் ஆசிரியை. ‘அவள் அப்பாவும் சிறுவயதில் இப்படித்தான் இருந்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்கிறார் என் மாமியார். நாக்கில் வசம்பு தடவிப் பார்த்தோம். திருக்கோலக்கா கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் மகளுக்குப் பேச்சு நன்றாகவே வருகிறது, ஆகவே வசம்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட மனிதர்கள் கேட்கும்படி குரலை வெளியே எடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது எழும் அச்சமே அவளுக்குத் தடையாக இருக்கிறது. 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இந்நிலையை விவரித்தபோது, பேச்சை மனமறிந்து அடக்கிக்கொள்வதாகவே இதைக் கருதினார். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறது. உங்கள் மகளின் ஆசிரியை இன்னும் குஸ்மாலின் காலத்தில் இருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றிச் சொல்லித் தருபவர்கள் அரிது.

பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் பல குழந்தைகள் பேசாமல் இருப்பது இயல்பு என்பதால், அந்த மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மௌனம் நீடித்து, அது படிப்பையோ மற்றவர்களுடன் பழகுவதையோ பாதித்தால் நிபுணரிடம் காட்ட வேண்டும். எட்டு மாதங்கள் என்பது காத்திருந்து பார்க்கும் கட்டத்தைக் கடந்துவிட்ட காலம். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: அச்ச சுபாவம் குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. மற்றப் பாதியைப் பற்றி உங்கள் கணவரிடமே கேட்டுப் பாருங்கள். தானாகச் சரியாக எத்தனை ஆண்டுகள் ஆயின, அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

இந்த மௌனம் எப்படி வேரூன்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் போக்கும் விளங்கிவிடும். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் ‘உன் பேர் என்னம்மா?’ என்று கேட்கிறார். குழந்தையின் உடல் விறைக்கிறது, முகம் இறுகுகிறது, பார்வை தரைக்குப் போகிறது. ‘வாயில் என்ன கொழுக்கட்டையா?’ என்று அவர் சிரிக்கிறார். தர்மசங்கடம் தாளாமல் நீங்களே பெயரைச் சொல்லி, ‘கொஞ்சம் கூச்சம்’ என்று முடித்துவைக்கிறீர்கள். அந்தக் கணமே குழந்தைக்கு அச்சம் தணிகிறது, உங்களுக்கும் விருந்தினருக்கும் நிம்மதி. பேசாமல் இருந்ததால் ஆபத்து நீங்கியது என்று குழந்தையின் உடல் கற்றுக்கொள்கிறது. இது நூற்றுக்கணக்கான முறை நடந்தபின், பேசாமல் இருப்பதே அவளது இயல்பாக மற்றவர்களுக்கும் தோன்றிவிடுகிறது. வகுப்புத் தோழிகள்கூட ‘அவள் பேச மாட்டாள் மிஸ்’ என்று அவளுக்காகப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இதில் தாயின் குற்றம் என்று எதுவுமில்லை. தவிக்கும் குழந்தையைக் காப்பாற்ற எந்தத் தாயும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழற்சியைத்தான் உடைக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் எண்ணங்களை ஆராய்வதற்கு இடம் குறைவு. அந்த வயதில் சிகிச்சையின் பெரும்பகுதி செய்முறைதான். அச்சம் தரும் சூழலை மிகச் சிறிய படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் குரல் வெளிவந்து, பயந்தது எதுவும் நடக்கவில்லை என்று குழந்தை தானே உணரும்வரை நின்று, பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும். நீச்சல் பழக்கக் கிணற்றில் தள்ளிவிடும் மாமன்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள்; அவர்களிடம் நீச்சல் கற்றவர்களும் உண்டு, அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கமே போகாதவர்களும் உண்டு. பேச்சில் அந்த முறையை யாரும் முயல வேண்டாம்.

பள்ளியில் முதல் அடியை எடுத்துவைக்க நான் பெரிதும் நம்பும் முறை ஒன்றைச் சொல்கிறேன். ஆசிரியையின் ஒத்துழைப்போடு, பள்ளி தொடங்குவதற்கு முன் ஆள் இல்லாத வகுப்பறையில் நீங்களும் மகளும் மட்டும் அமர்ந்து, பரமபதம் போல எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒரு விளையாட்டை ஆடுங்கள். வீட்டில் பேசும் குரலில் அவள் பேசத் தொடங்குவதற்கே சில நாட்கள் ஆகலாம். குரல் நிலைபெற்ற பிறகு ஆசிரியை வராந்தாவில் நடமாடட்டும். அடுத்து, திறந்த கதவருகே நிற்கட்டும். அதற்கடுத்து உள்ளே வந்து, தொலைவில் அமர்ந்து, இவர்களைப் பார்க்காமல் நோட்டுத் திருத்தட்டும். ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டியது ஒன்றே: ஆசிரியை நெருங்கும்போது குழந்தையின் குரல் தொடர்கிறதா? நின்றுவிட்டால் கண்டிக்காமல், கெஞ்சாமல், சற்று நேரம் பொறுத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். குரல் தொடர்ந்தால் ஆசிரியை மேசைக்கு வந்து, தானும் ஒரு காயை எடுத்து ஆட்டத்தில் சேரலாம். அவர் இருக்கும்போதே குழந்தை எண்களைச் சொல்லத் தொடங்கிய பிறகு, நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் அறையை விட்டு வெளியேறலாம். பிறகு ஒரு தோழி, அதன்பின் இரண்டு தோழிகள், வகுப்பு நடக்கும் நேரம் என்று வட்டத்தை விரிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் பத்துப் பதினைந்து நிமிடங்கள் செய்வது மேலானது.

பெரியவர்கள் பேசும் விதமும் மாற வேண்டும். ஆசிரியை முதல் சில நாட்கள் கேள்வியே கேட்காமல், குழந்தை செய்வதை மட்டும் விவரிக்கலாம்: ‘கோபுரத்தை உயரமாகக் கட்டுகிறாயே’ என்பது போல. குரல் வரத் தொடங்கிய பிறகு கேட்கும் கேள்வி, தலையாட்டிப் பதில் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். ‘சிவப்பு வேண்டுமா?’ என்றால் தலை ஆடும், ‘சிவப்பா, நீலமா?’ என்றால் ஒரு சொல் தேவைப்படும். கேட்ட பிறகு குறைந்தது ஐந்து விநாடிகள் வாய் திறவாமல் காத்திருக்க வேண்டும். ஐந்து விநாடி என்பது சொல்லும்போது எளிது. தவிக்கும் குழந்தையின் எதிரே அமர்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். பதில் வந்ததும் கைதட்டல் வேண்டாம், ‘அட, பேசிவிட்டாளே!’ வேண்டாம். ‘நீலம் என்று சொன்னாய், நன்றி’ என்று சாதாரணக் குரலில் ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வது போதும்.

நார்வே நாட்டில் 3 முதல் 9 வயது வரையிலான 24 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், வீட்டில் தொடங்கிப் பள்ளிக்கு நகரும் இத்தகைய சிகிச்சை மூன்று மாதங்கள் அளிக்கப்பட்டது. சிகிச்சை பெற்றவர்கள் பள்ளியில் பேசுவது கூடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிகிச்சை தொடங்காமல் காத்திருக்க வைக்கப்பட்டவர்களிடம் மாற்றமில்லை. வயதில் சிறியவர்கள் கூடுதல் பலன் பெற்றனர். அதே ஆய்வாளர்கள் சிகிச்சை அளித்த 30 குழந்தைகளை ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 21 பேர் இந்நிலையிலிருந்து முழுமையாக விடுபட்டிருந்தனர். உங்கள் மகளின் வயது சிகிச்சைக்குச் சாதகமான வயது.

வேண்டுதலைத் தாராளமாக நிறைவேற்றுங்கள். ஆனால் சன்னிதியில் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, ‘சாமி பேரைச் சொல்லு’ என்று வற்புறுத்தாமல் அழைத்து வாருங்கள்.

கேள்வி: திருப்பூரில் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பின்னலாடை நிறுவனத்தில் பணிபுரியும் பீகார் மாநிலத் தம்பதியின் மகன் என் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். ஆறு மாதங்களாகப் பேசவே இல்லை. தமிழ் தெரியாததால் பேசவில்லையா, அல்லது நீங்கள் குறிப்பிடும் பிரச்சினையா? வாசிப்புத் தேர்வில் அவனுக்கு என்ன மதிப்பிடுவது?
– ஓர் ஆசிரியை, திருப்பூர்

பதில்: புதிய மொழிச் சூழலுக்குள் வரும் சிறு குழந்தைகள் சில மாதங்கள் கேட்பதோடு நிற்பது இயல்பான கட்டம். மொழி தெரியாமை மட்டுமே மௌனத்துக்குக் காரணம் என்றால் இந்த நோய்க்குறியைச் சூட்டக் கூடாது. வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவனுடைய தாய்மொழி பேசும் வேறு பிள்ளைகள் உங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். அவர்களிடம் விளையாட்டு நேரத்தில் பேசுகிறானா? குடியிருப்பில் அக்கம்பக்கத்தாரிடம், கடைக்காரரிடம் தன் மொழியில் பேசுகிறானா? அங்கெல்லாம் பேசினால் பெரும்பாலும் மொழிப் பழக்கம்தான். தமிழ் கூடக்கூடப் பேச்சும் வரும். தன் மொழி பேசுவோரிடமும் வீட்டுக்கு வெளியே உறைந்து நின்றால், மதிப்பீடு தேவை. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். இடம்பெயர்ந்த, இருமொழிக் குடும்பங்களின் குழந்தைகளிடம் இந்நிலை ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படுகிறது. பெற்றோரிடம் வீட்டில் தமிழே பேசுங்கள் என்று மட்டும் அறிவுரை சொல்லிவிடாதீர்கள். அவன் தடையின்றிப் பேசும் ஒரே இடத்தையும் அது தடுமாறச் செய்யும்.

எதுவாயினும் வகுப்பில் நீங்கள் இன்றே செய்யக்கூடியவை சில. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன்’ என்பதற்குப் பதிலாகக் கையுயர்த்த அவனை அனுமதியுங்கள். தேவையானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே விதியாக்குங்கள், அப்போது அவன் தனித்துத் தெரிய மாட்டான். அடுத்தது, எல்லாவற்றிலும் அவசரமானது: கழிவறை. பேச முடியாத குழந்தை அனுமதி கேட்க முடியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும், அல்லது தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். அவன் மேசையில் ஓர் அட்டையைக் கொடுத்து, அதைக் காட்டிவிட்டு எழுந்து போகலாம் என்று சொல்லிவிடுங்கள். அடிபட்டாலும் வயிறு வலித்தாலும் அவன் வந்து சொல்ல மாட்டான் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வாசிப்பை மதிப்பிட, வீட்டில் அவன் படிப்பதைப் பெற்றோரின் கைபேசியில் பதிவுசெய்து வரச் சொல்லலாம். வாசிக்கத் தெரிகிறதா என்பதுதானே தேர்வின் நோக்கம். உங்கள் முன்னிலையில் வாசிக்கும் துணிவை அதனோடு கலந்து மதிப்பெண் போட வேண்டியதில்லை. இச்சலுகைகள் நிரந்தர ஏற்பாடாகிவிடக் கூடாது என்பதும் உண்மை. பேச்சை நோக்கிய படிகள் ஒருபுறம் ஏறிக்கொண்டிருக்க, சலுகைகள் மறுபுறம் ஒவ்வொன்றாக விலக வேண்டும். பேசாததற்காக நிற்க வைப்பதும் வெளியே அனுப்புவதும் அச்சத்தைக் கூட்டும். தவிர, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

கேள்வி: பேரனுக்கு ஆறு வயது. பள்ளியில் பேசினால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னேன். ஆசையாகத் தலையாட்டினான், பேசவில்லை. இப்போது சைக்கிள் பேச்சை எடுத்தாலே அழுகிறான். பரிசு காட்டுவது தவறா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: பரிசு தவறில்லை, சிகிச்சையிலேயே அதற்கு இடமுண்டு. பரிசின் அளவும் படியின் அளவும்தான் பொருந்தவில்லை. ‘பள்ளியில் பேசு’ என்பது மாடியின் உச்சிப்படி. அவனால் இன்று எட்டக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஆசிரியையிடம் ஒரு படத்தை நீட்டுவது, அவர் அருகில் நிற்கும்போது அம்மாவின் காதில் அல்லாமல் இயல்பான குரலில் ஓர் எண்ணைச் சொல்வது. அதைச் செய்த உடனே ஒரு ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் அவன் விரும்பும் ஒரு சிறு பொருள். தாத்தாவின் சைக்கிளைப் பேச்சோடு முடிச்சுப் போடாமல் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கடன் அவன் தலையிலிருந்து இறங்கட்டும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, வயது பதின்மூன்று. ஐந்து ஆண்டுகளாகப் பள்ளியில் பேசுவதில்லை. எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறான். விளையாட்டுப் பொம்மைகளோடு செய்யும் சிகிச்சை இவனுக்குப் பொருந்தாது. பெரிய பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள்? மாத்திரை தேவைப்படுமா?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: இந்த வயதில்தான் சிகிச்சையின் ‘அறிவாற்றல்’ பகுதி முழுமையாகப் பயன்படுகிறது. படிகளாக ஏறும் முறை மாறுவதில்லை. ஆனால் படிகளை வகுப்பவன் உங்கள் மகனாக இருக்க வேண்டும். எந்தச் சூழலில் எவ்வளவு அச்சம் என்று பூச்சியத்திலிருந்து பத்துவரை அவனே எண் கொடுத்து ஏணியை வரைவான். சிகிச்சையாளரிடமும் தொடக்கத்தில் பேச மாட்டான் என்பதால் இதை எழுதியோ தட்டச்சு செய்தோ செய்யலாம்.

ஒவ்வொரு படிக்கும் முன், ‘நான் பேசினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று அவன் எழுதிவைக்க வேண்டும். பதின்பருவத்தினர் எழுதுவதில் அடிக்கடி வருவது, ‘என் குரல் விசித்திரமாக இருக்கும்’, ‘தப்பாகச் சொல்லிவிடுவேன்’, ‘எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்’ ஆகிய மூன்றும். மூன்றாவதை மறுத்துப் பேசும் சிகிச்சையாளர் பிள்ளையின் நம்பிக்கையை இழப்பார், ஏனெனில் அது பொய்யில்லை. ஐந்து ஆண்டுகள் பேசாத மாணவன் வாய் திறந்தால் வகுப்பு திரும்பித்தான் பார்க்கும். ஆகவே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆறுதல் சொல்லாமல், எத்தனை பேர் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு என்ன செய்வார்கள், அந்த நேரத்தை உன்னால் தாங்க முடியுமா என்று கேட்டு, அவன் கணிப்பை எழுதச் சொல்லி, பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் பேசி, அவன் பேசும் நாளில் யாரும் ஆரவாரம் செய்யாதபடி பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் பகுதியே. நடந்ததையும் கணித்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அவன் மனத்தை மாற்றும். நம் அறிவுரை மாற்றாது.

இவ்வயதில் அந்நியர்கள் எளிதாக இருப்பதுண்டு, ஏனெனில் ‘பேசாத பையன்’ என்று அவனை அறிந்தவர்கள் அங்கே இல்லை. மாநகரப் பேருந்தில் ‘சைதாப்பேட்டை ஒன்று’ என்று நடத்துநரிடம் கேட்பது, கடையில் விலை விசாரிப்பது ஆகியவை தாழ்ந்த படிகளாக அமையலாம். பள்ளிப் பக்கத்தில், ஆசிரியருக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்புவது, அவர் எதிரே அமர்ந்து அப்பதிவை ஒலிக்கவிடுவது, தனியறையில் ஒரு வரி வாசிப்பது, நண்பன் ஒருவன் உடனிருக்க வாசிப்பது என்று ஏறலாம். பள்ளியை மாற்றினால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய அடையாளம் இல்லாத இடம் சிலருக்கு உதவியிருக்கிறது, ஆனால் வெளியே குரல் எடுக்கும் பழக்கம் ஓரளவு வந்தபின் மாற்றினால்தான்.

மாத்திரையைப் பொறுத்தவரை, இந்நிலைக்கென்றே தனி மருந்து கிடையாது. பதற்றத்துக்கு அளிக்கப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள், சிகிச்சை முயன்றும் அசையாத நிலையிலும், சமூக அச்சம் கடுமையாக இருக்கும்போதும், அல்லது மனச்சோர்வு சேர்ந்திருக்கும்போதும் குழந்தை மனநல மருத்துவரால் பரிந்துரைக்கப்படுகின்றன. அவை அச்சத்தின் கடுமையைக் குறைத்துப் படியேற உதவும். படிகளை ஏறுவது அவன்தான். தொடக்க வாரங்களில் எரிச்சல், தூக்கக் குலைவு, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றுகின்றனவா என்று கூர்ந்து கவனிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. ஐந்து ஆண்டுகள் கழிந்த நிலையில், மருத்துவரின் கருத்தைத் தள்ளிப்போடாமல் இப்போதே கேட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் ஊரில் இதற்கெனச் சிகிச்சையாளர் யாரும் இல்லை. எங்கே போவது? சரியான ஆளிடம்தான் போயிருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மாவட்டத்தில் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். காது கேட்கும் திறன், மொழி வளர்ச்சி, ஆட்டிசத்தின் அறிகுறிகள் ஆகியவற்றை அங்கே பார்த்துவிடுவது அவசியம். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் தொலைவு பொருட்படுத்தாதவர்களுக்கு உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

போகும்போது, வீட்டில் குழந்தை இயல்பாகப் பேசும் சில நிமிடக் காணொளியைக் கொண்டு செல்லுங்கள். மருத்துவமனையில் அது பேசப்போவதில்லை. எடுப்பதைக் குழந்தைக்குத் தெரிவித்துவிட்டு எடுங்கள். தெரியாமல் எடுத்ததைப் பலர் முன்னிலையில் ஓடவிட்டால் வீட்டிலும் குரல் அடங்கிப்போகக்கூடும்.

சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ‘பள்ளியில் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அறைக்குள் அவரிடம் குழந்தை பேசிவிட்டதையே வெற்றியாகக் கருதி, மாதக்கணக்கில் பொம்மையும் படமுமாகக் கழித்து, ஆசிரியரோடு ஒருமுறைகூடத் தொலைபேசியில் பேசாதவரிடம் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஊரில் யாருமே கிடைக்காத நிலையில், தொலைவிலுள்ள உளவியலாளர் ஒருவர் காணொளி அழைப்பில் வழிகாட்ட, பெற்றோரும் ஒரு நல்ல ஆசிரியரும் சேர்ந்து முதல் கடிதத்துக்கான பதிலில் கூறிய வகுப்பறைப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.